ஹைஸ்கூல்ல கலக்குன பாஸ்கெட்பால் பிள்ளைங்க காலேஜ்ல என்ன ஆனாங்க? ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

2020ல அமெரிக்காவுல ஹைஸ்கூல் முடிச்ச பொண்ணுங்க பேட்ச எடுத்துக்குங்க. ஈஎஸ்பிஎன் போட்ட ரேங்க்ல 1 பெய்ஜ் பெக்கர்ஸ், 2 ஏஞ்சல் ரீஸ், 3 கேமரன் பிரிங்க், 4 கெய்ட்லின் கிளார்க். அப்புறம் நடந்தது என்னன்னா, அந்த நாலாவது ஆளு ஐயோவா யூனிவர்சிட்டில 3,951 பாயிண்ட் அடிச்சு டிவிஷன் 1 (அமெரிக்க காலேஜ் ஆட்டத்தோட மேல்மட்டம்) வரலாற்றுலயே ஆண் பெண் ரெண்டு பக்கமும் சேத்து முதல் இடத்துக்குப் போயிட்டாங்க, மூணாவது ஆளு ஸ்டான்ஃபோர்டுல முதல் வருஷமே சாம்பியன், ரெண்டாவது ஆளு காலேஜ் மாறி எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) போய் 2023ல சாம்பியன், முதல் ஆளு மட்டும் முட்டி ஆபரேஷன் எல்லாம் தாண்டி 2025 வரைக்கும் காத்திருந்து தான் கப்பத் தூக்குனாங்க. இப்ப அந்த ரேங்க் சரியா தப்பான்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு நம்பர தூக்கிட்டு வருவாங்க, ஒருத்தர் மொத்த பாயிண்ட், ஒருத்தர் கப், ஒருத்தர் அவார்ட். எல்லா நம்பரும் உண்மை தான், ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது.

நான் பல வருஷமா இந்த ஹைஸ்கூல் ரேங்கிங்க சேத்து வெச்சு, நாலஞ்சு வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்து, யாரு என்ன ஆனாங்கன்னு எழுதி வைக்கிற ஆளு. அதுல கத்துக்கிட்டது ஒண்ணு தான். நம்பர ஒப்பிடுறதுக்கு முன்னாடி அந்த நம்பர் எந்த நிலைமையில வந்துச்சுன்னு ஒப்பிடணும், அத விட்டா மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதை தான். அத எப்படி செய்யுறதுன்னு தான் இங்க சொல்லப் போறேன்.

முதல்ல உங்க கேள்வி என்னன்னு ஒரு வரில எழுதிக்குங்க

இது சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனா பாதி சண்டை இங்க தான் ஆரம்பிக்குது. "ரேங்க் போட்டவங்க சரியா கணிச்சாங்களா"ங்கிறது ஒரு கேள்வி. "காலேஜ்ல யாரு அதிகம் சாதிச்சாங்க"ங்கிறது வேற கேள்வி. "பதினெட்டு வயசுல இருந்த இடத்துலேந்து யாரு அதிக தூரம் வளந்தாங்க"ங்கிறது மூணாவது. மூணுக்கும் பதில் வேற வேற ஆளா வரும். ரெண்டாவது கேள்விக்கு கிளார்க் பேரு சுலபமா வரும், மூணாவது கேள்விக்கு பசங்க பக்கம் ஜா மொரான்ட் மாதிரி ஒருத்தர் வருவாரு (அவரப் பத்தி பின்னாடி விரிவா). இன்னொண்ணு, ரேங்க் போடுறவங்க காலேஜ் மட்டும் பாத்துப் போடுறது இல்ல, இந்த உடம்புக்கும் திறமைக்கும் நாளைக்கு ப்ரொஃபஷனல் லீக்ல எங்க நிப்பாங்கங்கிறதயும் சேத்து தான் போடுறாங்க, அதனால டாப் 5ல இருந்த பையன் ஒரே வருஷம் காலேஜ்ல ஆடிட்டு என்பிஏ போயிட்டா அவர் காலேஜ் கணக்கு சின்னதா இருக்கும், அது தோல்வி இல்ல.

ஆளுங்கள பொறுக்குற விதம்

தெரிஞ்ச பேர மட்டும் எடுத்துக்காதீங்க. நமக்கு ஞாபகம் இருக்குற பேரு எல்லாமே ஜெயிச்சவங்க பேரு. ஒரு வருஷத்து லிஸ்ட்ட முழுசா எடுங்க, டாப் 25ன்னா இருபத்தஞ்சும், மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன் டீம்னா (வருஷா வருஷம் நாட்டோட சிறந்த ஹைஸ்கூல் பிள்ளைங்கள பொறுக்குற டீம்) அந்த டீம்ல இருந்த எல்லாரும். பசங்களுக்கு அந்த டீம் 1977லேந்து இருக்கு, பொண்ணுங்களுக்கு 2002லேந்து. பசங்க ரேங்க்குக்கு ஆர்எஸ்சிஐன்னு பல ரேங்கிங்க சேத்து ஒரே ரேங்க்கா குடுக்குற பட்டியல் 1998லேந்து இருக்கு, ஒரே ஒரு இடத்து ரேங்க்க நம்புறத விட அது எவ்வளவோ மேல்.

இதுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, தெரியாம விழுந்துடுவீங்க. 1995ல கெவின் கார்னெட் காலேஜ் போகாம நேரா என்பிஏ போனாரு, 1996ல கோபி பிரயண்ட், 2003ல லெப்ரான் ஜேம்ஸ், 2004ல டுவைட் ஹோவர்ட், இன்னும் நிறைய பேரு. 2006 டிராஃப்ட்லேந்து (என்பிஏ டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்குறது தான் டிராஃப்ட்) தான் 19 வயசு ஆகியிருக்கணும், ஹைஸ்கூல் பேட்ச் முடிஞ்சு ஒரு வருஷம் ஆகியிருக்கணும்னு ரூல் வந்துச்சு. அதனால 1995லேந்து 2005 வரைக்கும் உள்ள பசங்க பேட்ச எடுத்தா, ரேங்க்ல மேல இருந்த பல பேருக்கு காலேஜ் கணக்கே கிடையாது, அந்த இடம் காலி. அந்த வருஷங்கள்ல காலேஜ்ல கலக்குனவங்க லிஸ்ட்ட பாத்துட்டு "ரேங்க் எல்லாம் சும்மா"ன்னு சொன்னா அது அநியாயம், மேல இருந்தவங்க அங்க வரவே இல்லையே.

ஹைஸ்கூல் நம்பர எப்படி படிக்கணும்

இங்க தான் நிதானமா இருக்கணும், ஏன்னா ஹைஸ்கூல் நம்பர் அளவுக்கு ஏமாத்துற நம்பர் வேற கிடையாது.

ஹைஸ்கூல் மேட்ச் 32 நிமிஷம், எட்டு எட்டா நாலு குவார்ட்டர். காலேஜ் மேட்ச் 40 நிமிஷம். அதுலயும் நல்ல டீம்ல இருக்குற ஸ்டார் பிள்ளைங்க பாதி மேட்ச்ல மூணாவது குவார்ட்டரோட பெஞ்சுக்குப் போயிடுவாங்க, ஏன்னா அதுக்குள்ள 40 பாயிண்ட் வித்தியாசம் வந்திருக்கும். 22 நிமிஷம் ஆடி 22 பாயிண்ட் எடுத்த பொண்ணும், முழு 32 நிமிஷமும் நின்னு 25 எடுத்த பொண்ணும் பேப்பர்ல கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா முதல் பொண்ணு நிமிஷத்துக்கு ஒரு பாயிண்ட் போட்டிருக்கா. கணக்கு ரொம்ப சிம்பிள்: பாயிண்ட்ட ஆடுன நிமிஷத்தால வகுத்து 40ஆல பெருக்குங்க. நிமிஷக் கணக்கு ஹைஸ்கூலுக்கு எல்லா இடத்துலயும் கிடைக்காது, கிடைக்கலன்னா அந்த டீம் எத்தனை மேட்ச்ல 30 பாயிண்ட்டுக்கு மேல ஜெயிச்சதுன்னு மட்டுமாவது எண்ணுங்க, அதுவே பாதி கதை சொல்லிடும்.

அடுத்தது எதிராளி யாரு. கூப்பர் ஃப்ளாக்க பாருங்க. மெய்ன் மாநிலத்துல நியூபோர்ட்ங்கிற சின்ன ஊர், நோகோமிஸ் ஹைஸ்கூல்ல முதல் வருஷமே 2022ல மாநில சாம்பியன், அங்கேந்து ஃப்ளோரிடாவுல மான்ட்வெர்ட் அகாடமிக்கு மாறுனாரு. கடைசி வருஷம் அந்த டீம் 33 மேட்ச் ஆடி 33ம் ஜெயிச்சுது, ஆனா ஃப்ளாக்கோட சராசரி வெறும் 16.5 பாயிண்ட். அடுத்த வருஷம் டியூக் யூனிவர்சிட்டில 19.2. ஹைஸ்கூல்ல குறைவு, காலேஜ்ல அதிகம்! நம்பர மட்டும் பாத்தா தலைகீழா இருக்கு. காரணம் மான்ட்வெர்ட்ல பக்கத்துல நிக்கிற பசங்களே பெரிய காலேஜுக்குப் போற பசங்க, பந்து பங்கு போட்டு தான் வரும், எதிர்ல வர்ற டீமும் நாட்டுல இருக்குற பெரிய பெரிய டீம். டியூக்ல 19.2ங்கிறது கிட்டத்தட்ட 31 நிமிஷத்துல வந்தது, 40 நிமிஷத்துக்கு மாத்துனா 25 வரும்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் சயான் வில்லியம்சன். தென் கரோலினாவுல ஸ்பார்டன்பர்க் டே ஸ்கூல்னு சின்ன பிரைவேட் ஸ்கூல், மூணு வருஷம் தொடர்ச்சியா அவங்க மாநில பிரைவேட் ஸ்கூல் சாம்பியன். எதிர்ல நின்ன பிள்ளைங்க பல பேர் அவர் தோள் உயரம் கூட இருந்திருக்க மாட்டாங்க. அந்த வீடியோவ பாத்துட்டு "சின்னப் பசங்க மேல டங்க் பண்றது பெரிய விஷயமா"ன்னு கேட்டவங்க நிறைய. கேள்வி நியாயமானது தான். ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் ஸ்கூல் மேட்ச்ல கிடைக்காது, கோடைகாலத்துல நடக்குற ஏஏயூ (ஸ்கூலுக்கு வெளிய ஆடுற கிளப் டீமுங்க) டோர்னமென்ட்ல தான் கிடைக்கும், அங்க நாடு முழுக்க உள்ள நல்ல பிள்ளைங்க ஒரே கோர்ட்ல நிப்பாங்க. அதனால ஒரு பையனுக்கு ஸ்கூல் நம்பர், ஏஏயூ நம்பர்னு ரெண்டு வரி போடுங்க, ரெண்டயும் கலந்து ஒரே சராசரி ஆக்காதீங்க. ஸ்கூல் நம்பர் பெரும்பாலும் மேக்ஸ்ப்ரெப்ஸ்ங்கிற வெப்சைட்ல இருக்கும், ஆனா அது கோச்சுங்க போட்டு விடுறது, சில பேர் போடுவாங்க சில பேர் பாதில விட்டுடுவாங்க, அதனால மேட்ச் எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. பெரிய ரெக்கார்டுன்னா அந்த மாநில ஹைஸ்கூல் அசோசியேஷன் வெளியிடுற ரெக்கார்ட் புக் தான் நம்பிக்கையானது.

ரெக்கார்ட் புக்னு சொன்னதும் ஐயோவா ஞாபகம் வருது, இத சொல்லாம போக மனசு வரல. ஐயோவா ஹைஸ்கூல் பொண்ணுங்க பட்டியல்ல லின் லோரன்சன்னு ஒரு பேரு இருக்கும், 6,736 பாயிண்ட். டெனிஸ் லாங் 6,250 பாயிண்ட், அதுல 1968ல ஒரே மேட்ச்ல 111. பாத்தா தலை சுத்தும். ஆனா அது ஆறு பேர் ஆட்டம், ஒரு டீம்ல மூணு பேர் அடிக்க மட்டும், மூணு பேர் தடுக்க மட்டும், நடுக்கோட்டத் தாண்டவே கூடாது, பந்த ரெண்டு தடவைக்கு மேல தட்டக் கூடாது. அடிக்கிற மூணு பேரு கிட்டயே எல்லா பாயிண்ட்டும் வந்து சேரும். அந்த ஆட்டம் அங்க 1993 வரைக்கும் இருந்துச்சு. அதே மாநிலத்துல டௌலிங் கத்தோலிக் ஸ்கூல்ல ஆடுன கிளார்க் 2019ல ஒரு மேட்ச்ல 60 பாயிண்ட் எடுத்தாங்க, ஐந்து பேர் ஆட்டத்துல. 111 பெருசா 60 பெருசான்னு கேக்குறதே தப்பு, ரெண்டும் வேற வேற ஆட்டம். டெனிஸ் லாங்க குறைச்சு பேசவும் வேண்டாம், அவங்க காலத்து ரூல்ல அவங்கள மிஞ்ச ஆள் இல்ல, அப்படி எழுதுனா போதும்.

காலேஜ் நம்பர்ல ரூல் எங்க மாறுச்சுன்னு பாருங்க

ஒரே பேட்ச் ஆளுங்கள ஒப்பிட்டா இந்தப் பிரச்சனை அதிகம் வராது. வேற வேற காலத்து ஆளுங்கள ஒப்பிடும்போது மட்டும் கீழ உள்ளத ஒரு தாள்ல எழுதி பக்கத்துல வெச்சுக்குங்க.

1972-73 சீசனுக்கு முன்னாடி பெரிய காலேஜ்கள்ல முதல் வருஷ மாணவன் மெயின் டீம்ல ஆட முடியாது. லூ ஆல்சிண்டர், பின்னாடி கரீம் அப்துல் ஜப்பார் ஆனாரே அவரு தான், நியூயார்க் பவர் மெமோரியல் ஸ்கூல்ல ஆடும்போது அந்த டீம் தொடர்ச்சியா 71 மேட்ச் ஜெயிச்சுது. யூசிஎல்ஏ வந்த முதல் வருஷம், 1965 நவம்பர்ல, முதல் வருஷப் பசங்க டீம் அந்தக் காலேஜோட மெயின் டீமயே 75-60ன்னு தோக்கடிச்சுது, ஆல்சிண்டர் 31 பாயிண்ட். அந்த மெயின் டீம் அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் தேசிய சாம்பியன்! ஆனா அந்த வருஷத்துல அவர் போட்ட ஒரு பாயிண்ட் கூட காலேஜ் கணக்குல சேராது. மெயின் டீம்ல மூணே வருஷம், 88 ஜெயிச்சு 2 தோத்தாங்க, மூணு வருஷமும் சாம்பியன். போதாததுக்கு அவர் முதல் சீசன் முடிஞ்சதும் டங்க் பண்றதையே தடை பண்ணிட்டாங்க, அது 1976 வரைக்கும் இருந்துச்சு. இத எல்லாம் தெரியாம அவரோட 26.4 சராசரிய இன்னிக்கு உள்ள ஒருத்தரோட வெச்சுப் பாக்கக் கூடாது.

அப்புறம் மூணு பாயிண்ட் கோடு, அதுக்கு வெளியேந்து போட்டா ரெண்டுக்குப் பதிலா மூணு பாயிண்ட். காலேஜ் பசங்களுக்கு நாடு முழுக்க 1986-87லேந்து, பொண்ணுங்களுக்கு 1987-88லேந்து. ஷாட் க்ளாக் (பந்து கைக்கு வந்து இத்தனை செகண்டுக்குள்ள ஷாட் போட்டாகணும்ங்கிற ரூல்) காலேஜ் பசங்களுக்கு 1985-86ல 45 செகண்டுனு வந்து, 1993-94ல 35 ஆகி, 2015-16ல 30 ஆச்சு. ஹைஸ்கூல்ல இன்னிக்கும் பல மாநிலத்துல ஷாட் க்ளாக்கே கிடையாது, 2022-23லேந்து தான் மாநிலம் விருப்பப்பட்டா 35 செகண்ட் வெச்சுக்கலாம்னு விட்டாங்க. ஷாட் க்ளாக் இல்லாத மாநிலத்துலேந்து வர்ற பையனுக்கு காலேஜ்ல முதல் சில மாசம் தடுமாற்றம் வர்றது இயல்பு, அத வெச்சு முடிவுக்கு வராதீங்க.

இப்ப பெரிய சண்டையான கிளார்க் - பீட் மாரவிச் விஷயம். மாரவிச் 1967லேந்து 1970 வரைக்கும் எல்எஸ்யூல மூணு வருஷம், 83 மேட்ச், 3,667 பாயிண்ட், சராசரி 44.2. கிளார்க் நாலு வருஷம், 139 மேட்ச், 3,951, சராசரி 28.4. மாரவிச்சுக்கு முதல் வருஷம் ஆட விடல, மூணு பாயிண்ட் கோடும் இல்ல. கிளார்க் அடிச்சதுல 548 மூணு பாயிண்ட் ஷாட், அந்தக் கோடு இல்லன்னா 548 பாயிண்ட் குறைஞ்சு 3,403 ஆயிடும். இந்தப் பக்கம் பாத்தா மாரவிச் தான் மேலன்னு தோணும். அந்தப் பக்கமும் பாருங்க, மாரவிச் மேட்ச்சுக்கு சராசரி 38 ஷாட் போட்டாரு, மொத்தம் 3,166 ஷாட், 1,152 ஃப்ரீ த்ரோ (எதிராளி ஃபவுலுக்குக் கிடைக்கிற ஷாட்). ஒரு ஆளோட ஷாட் எவ்வளவு பலன் குடுத்துச்சுன்னு பாக்க ஒரு கணக்கு இருக்கு, ட்ரூ ஷூட்டிங்னு சொல்லுவாங்க: ஃப்ரீ த்ரோ எண்ணிக்கைய 0.44ஆல பெருக்கி, போட்ட ஷாட்டோட கூட்டி, அத ரெண்டால பெருக்கி, மொத்த பாயிண்ட்ட அதால வகுக்கணும். மாரவிச்சுக்குப் போட்டுப் பாத்தா சுமார் 50 சதவீதம் வரும். இன்னிக்கு காலேஜ்ல நல்ல ஸ்கோரர் எல்லாரும் அதத் தாண்டுவாங்க, ஆனா அவங்களுக்கு மூணு பாயிண்ட் கோடு கைகுடுக்குது. என் முடிவு என்னன்னா சராசரில மாரவிச்ச யாராலயும் தொட முடியாது, நாலு வருஷ உழைப்புல கிளார்க் தான், ரெண்டயும் ஒரே வரிசைல நிறுத்தி ஒருத்தர கீழ தள்ள வேண்டிய அவசியம் இல்ல. அப்புறம் கேன்சஸ்ல 1977-81ல ஆடுன லினெட் வுடார்ட் 3,649 பாயிண்ட், மூணு பாயிண்ட் கோடும் இல்லாம, இப்ப உள்ள சின்ன பந்தும் இல்லாம அடிச்சது, பொண்ணுங்க ஆட்டத்த என்சிஏஏ (காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பு) எடுத்து நடத்துறதுக்கு முன்னாடிங்கிற ஒரே காரணத்தால ரொம்ப நாள் அந்தப் பேரு ரெக்கார்ட் புக்ல ஒதுங்கியே இருந்துச்சு. பழைய பொண்ணுங்க கணக்கு எடுக்கும்போது 1982க்கு முன்னாடியும் போய்த் தேடுங்க.

வேகத்தையும் மறக்கக் கூடாது. ஃபிலடெல்ஃபியா டாபின்ஸ் ஸ்கூல்ல ஒண்ணா ஆடுன ஹேங்க் கேதர்ஸ், போ கிம்பிள் ரெண்டு பேரும் சதர்ன் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில ஆரம்பிச்சு லயோலா மேரிமவுன்ட்டுக்கு மாறுனாங்க. அந்த டீம் கிடைச்ச பந்த உடனே ஓடிப் போய் ஷாட் போடுற டீம், 1989-90ல மேட்ச்சுக்கு 122.4 பாயிண்ட் சராசரி. கேதர்ஸ் 1988-89ல 32.7 பாயிண்ட், 13.7 ரீபவுண்ட் (உள்ள போகாம தவறி வர்ற பந்தப் பிடிக்கிறது), ரெண்டுலயும் நாட்டுலயே முதல். பெரிய ஆட்டக்காரர், சந்தேகமே இல்ல, 1990 மார்ச்ல மேட்ச் நடுவுலயே சரிஞ்சு 23 வயசுல போயிட்டாரு, இன்னிக்கும் நினைச்சா கஷ்டமா இருக்கு. ஆனா ஒப்பிடும்போது அந்த 32.7ஐ அப்படியே எடுக்கக் கூடாது. மத்த டீம்ல 70 தடவை பந்து கைக்கு வந்தா இங்க அதவிட எவ்வளவோ அதிகம் வரும். அதனால 100 பொசஷனுக்கு (டீம் கைக்கு பந்து வர்ற ஒரு தடவை ஒரு பொசஷன்) எவ்வளவுன்னு மாத்திப் பாருங்க, இப்ப உள்ள சீசன்களுக்கு ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ், பார்ட் டோர்விக்ங்கிற வெப்சைட்டுங்கள்ல ரெடியா இருக்கு, பழசுக்கு டீமோட மொத்த பாயிண்ட்ல இவர் பங்கு எத்தனை சதவீதம்னு போட்டாலே ஓரளவு தெளிவாயிடும்.

பாயிண்ட்ட தாண்டி என்ன வேலை குடுத்தாங்கன்னு பாருங்க

ஆன்டனி டேவிஸ் சிகாகோல ஒரு சின்ன சார்ட்டர் ஸ்கூல்ல கார்டா (பந்த எடுத்துட்டு வந்து ஆட்டத்த நடத்துற இடம்) ஆடிட்டு இருந்த பையன், ஹைஸ்கூல் முடியுறதுக்குள்ள எட்டு இஞ்சுக்குப் பக்கமா வளந்துட்டாரு, அதுக்கப்புறம் தான் ரேங்க் லிஸ்ட்ல மேல ஏறுனாரு. கென்டக்கில ஒரே வருஷம், சராசரி 14.2 பாயிண்ட் தான். 2012 ஃபைனல்ல 10 ஷாட் போட்டு 1 தான் போச்சு, மொத்தம் 6 பாயிண்ட். ஆனா 16 ரீபவுண்ட், 6 ப்ளாக் (எதிராளி போட்ட ஷாட்ட தட்டி விடுறது), டீம் 67-59 ஜெயிச்சுது, அந்த டோர்னமென்ட்டோட சிறந்த ஆட்டக்காரர் அவரு தான். வெறும் பாயிண்ட் கணக்கு வெச்சு ஒப்பிடுறவங்க இந்த ஒரு மேட்ச்ச பாத்தா போதும். மைக்கேல் ஜோர்டன் நார்த் கரோலினாவுல முதல் வருஷம் 13.5 தான், ஷாட் க்ளாக் இல்லாத காலம், பந்து சுத்திச் சுத்தி வர்ற டீம், ஆனா 1982 ஃபைனல்ல ஜெயிக்க வெச்ச ஷாட் அவர் கைலேந்து தான் போச்சு. அதனால ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல ரெண்டு வரி எழுதுங்க: டீம்ல இவருக்கு என்ன வேலை, கூட யாரு ஆடுனா.

பெரிய டீம எதிர்த்து ஆடுன மேட்ச தனியா எடுங்க

சின்ன காலேஜ் ஆட்டக்காரங்கள பெரிய காலேஜ் ஆட்டக்காரங்களோட ஒப்பிட இத விட நல்ல வழி எனக்குத் தெரியல. ஸ்டெஃபன் கரிக்கு ஹைஸ்கூல் முடிச்சப்ப பெரிய கான்ஃபரன்ஸ் காலேஜ் எதுவும் ஸ்காலர்ஷிப் குடுக்கல, டேவிட்சன்னு சின்ன காலேஜுக்குப் போனாரு. 2007-08ல சராசரி 25.9. "சின்ன டீமுங்க மேல தானே அடிக்கிறாரு"ன்னு சந்தேகம் வரும். சரி, அந்த வருஷ என்சிஏஏ டோர்னமென்ட்ட மட்டும் எடுங்க. கான்சாகாவுக்கு எதிரா 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிரா 30, விஸ்கான்சினுக்கு எதிரா 33, கடைசில சாம்பியன் ஆன கேன்சஸ்க்கு எதிரா 25, அதுல ரெண்டே பாயிண்ட்ல தோத்தாங்க. நாலு மேட்ச் சராசரி 32. எதிராளி பெருசா இருந்தும் சீசன் சராசரிய விட நம்பர் ஏறியிருக்கு, குறையல. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு ஒரே மேட்ச்ச பாத்து முடிவு பண்ணாதீங்க, குறைஞ்சது நாலஞ்சு மேட்ச்சாவது வேணும்.

அடி பட்ட வருஷத்த தனியா எழுதுங்க

2006 பேட்ச்ல கிரெக் ஓடன் முதல் ரேங்க், கெவின் டுரான்ட் ரெண்டாவது. டெக்சஸ்ல டுரான்ட் 25.8 பாயிண்ட், 11.1 ரீபவுண்ட், முதல் வருஷ மாணவரா இருந்து தேசிய அளவுல சிறந்த ஆட்டக்காரர் அவார்ட் வாங்குன முதல் ஆளு. ஓடன் ஒஹையோ ஸ்டேட்ல 15.7, 9.6. ரேங்க் போட்டவங்க கண்ணு தெரியாதவங்களா? இல்ல. ஓடன் வலது மணிக்கட்டுல ஆபரேஷன் ஆகி சீசன்ல லேட்டா வந்து சேந்தாரு, வலது கைக்காரர் இடது கையால ஃப்ரீ த்ரோ போட்டாரு. அப்படியும் 2007 ஃபைனல்ல ஃப்ளோரிடாவுக்கு எதிரா 25 பாயிண்ட், 12 ரீபவுண்ட். ஹைஸ்கூல்ல மூணு வருஷம் தொடர்ந்து இண்டியானா மாநில சாம்பியன். அந்தப் பையன பின்னாடி என்பிஏல முட்டி கைவிட்டதுக்காக "வேஸ்ட்"ன்னு எழுதுறவங்கள பாத்தா எனக்கு உண்மையாவே கோவம் வரும். உடம்பு உடைஞ்சதும் திறமை இல்லாததும் ஒண்ணு இல்ல, உங்க நோட்டுல ரெண்டுக்கும் வேற வேற கட்டம் போடுங்க.

இதே காரணத்துக்காக மொத்த கணக்க மட்டும் எழுதாம வருஷம் வருஷமா பிரிச்சு எழுதணும். எந்த வருஷம் முழுசா ஆடுனாங்க, எந்த வருஷம் அடி, எந்த வருஷம் காலேஜ் மாறுனாங்க. 2020-21 சீசன் ஆடுன எல்லாருக்கும் கோவிட் காரணமா ஒரு வருஷம் கூடுதலா குடுத்தாங்க, 2021லேந்து காலேஜ் மாறுறதும் சுலபமாயிடுச்சு, அதனால இந்த காலத்து மொத்த கணக்கு பழைய ஆளுங்கள விட பெருசா இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு ஜோடிய முழுசா போட்டுப் பாப்போம்

சயான் வில்லியம்சனும் ஜா மொரான்ட்டும் ஒரே மாநிலம், ஒரு காலத்துல ஒரே ஏஏயூ டீம்ல கூட ஆடுனாங்க. சயான் 2018 பேட்ச்ல நாட்டுலயே மேல இருந்த அஞ்சு பேர்ல ஒருத்தர், நேரா டியூக். மொரான்ட் சம்டர் ஊர்ல கிரெஸ்ட்வுட் ஸ்கூல், ஒரு வருஷம் முன்னாடி பேட்ச், பெரிய ரேங்க் எதுலயும் பேரே இல்ல. வேற ஒரு பையன பாக்க வந்த முர்ரே ஸ்டேட் கோச் ஒருத்தர் பக்கத்து ஜிம்ல இவர் ஆடுறத பாத்து தான் கூப்பிட்டாரு. முதல் வருஷம் 12.7 பாயிண்ட், 6.3 அசிஸ்ட் (கூட ஆடுறவங்க பாயிண்ட் எடுக்குற மாதிரி பந்து குடுக்குறது). ரெண்டாவது வருஷம் 24.5 பாயிண்ட், 10 அசிஸ்ட், அப்படி 20 - 10 ரெண்டயும் சேத்து வெச்சது அதுக்கு முன்னாடி யாரும் இல்ல. சயான் ஒரே வருஷம், 22.6 பாயிண்ட், 8.9 ரீபவுண்ட், போட்ட ஷாட்ல 68 சதவீதம் உள்ள போச்சு. எதிராளி யாருன்னு பாத்தா டியூக் மோதுற டீம் எல்லாம் பெரிய டீம், முர்ரே ஸ்டேட் மோதுறது பெரும்பாலும் சின்ன டீம். பெரிய டீம் மேட்ச தனியா எடுத்தா, 2019 டோர்னமென்ட்ல மார்க்கெட்டுக்கு எதிரா மொரான்ட் 17 பாயிண்ட், 11 ரீபவுண்ட், 16 அசிஸ்ட். 2019 என்பிஏ டிராஃப்ட்ல முதல் பேரு சயான், ரெண்டாவது பேரு மொரான்ட்.

இதுல என் பதில் இப்படி வரும். காலேஜ் ஆட்டம்னு ஒரே ஒரு வருஷத்த எடுத்தா சயான், ரேங்க் போட்டவங்க அவர் விஷயத்துல சரி. வளர்ச்சின்னு எடுத்தா மொரான்ட், அவர் விஷயத்துல ரேங்க் தப்பு கூட இல்ல, அவர யாரும் பாக்கவே இல்ல. தப்பா கணிக்கிறதும் பாக்காம விடுறதும் வேற வேற, அதையும் நோட்டுல தனியா எழுதணும்.

திரும்ப அந்த நாலு பொண்ணுங்க

இப்ப மேல சொன்னத எல்லாம் வெச்சு 2020 பேட்ச பாருங்க. பெக்கர்ஸ் யூகான்ல (கனெக்டிகட் யூனிவர்சிட்டி) முதல் வருஷமே நாட்டோட சிறந்த ஆட்டக்காரர், ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) அவார்ட முதல் வருஷத்துல வாங்குன முதல் பொண்ணு. ரெண்டாவது வருஷம் பாதி காயத்துல போச்சு, 2022-23 முழுசா முட்டிக்குப் போச்சு. அந்த வருஷத்த வெறும் பூஜ்யம்னு போட்டு சராசரி எடுத்தா அநியாயம். கிளார்க் நாலு வருஷமும் உடம்பு நல்லா இருந்து 26.6, 27.0, 27.8, 31.6ன்னு வருஷா வருஷம் ஏறுனாங்க, பந்து முழுக்க அவங்க கைல இருந்த டீம். ரீஸ் மேரிலாண்ட்ல முதல் வருஷம் கால்ல அடி, எல்எஸ்யூ வந்ததும் 23 பாயிண்ட், 15.4 ரீபவுண்ட், ஒரே சீசன்ல 34 டபுள் டபுள் (ஒரே மேட்ச்ல பாயிண்ட், ரீபவுண்ட் மாதிரி ரெண்டுல பத்தத் தொடுறது). பிரிங்க்குக்கு ஸ்டான்ஃபோர்டுல முக்கிய வேலை ப்ளாக்கும் டிஃபன்ஸும், அவங்கள பாயிண்ட்ல அளக்கவே கூடாது.

நேருக்கு நேர் மோதுனதயும் சேருங்க, கொஞ்சம் தான் கிடைக்கும், ஆனா தங்கம் மாதிரி. 2021ல யூகான் ஐயோவாவ 92-72ல அடிச்சுது, 2024ல ஐயோவா யூகான 71-69ல அடிச்சுது. 2023 ஃபைனல்ல எல்எஸ்யூ ஐயோவாவ 102-85ல அடிச்சுது, கிளார்க் 30 பாயிண்ட் எடுத்தும். நம்ம ஊர்ல அப்ப ராத்திரி ஒரு மணி, கண்ணக் கசக்கிட்டு உக்காந்து பாத்தேன், ரேங்க்ல 2ம் 4ம் ஒரே கோர்ட்ல. 2024ல அதே எல்எஸ்யூவ கிளார்க் 41 போட்டு வீட்டுக்கு அனுப்புனாங்க. 2025ல பெக்கர்ஸ் டீம் சவுத் கரோலினாவ 82-59ல ஜெயிச்சு கடைசில கப்பு வாங்குச்சு.

என்னக் கேட்டா காலேஜ் சாதனைல கிளார்க் முதல், ஆடுன ஒவ்வொரு மேட்ச்சோட தரத்துல பெக்கர்ஸ் கிளார்க்குக்கு ரொம்பப் பக்கத்துல, ஒரே சீசன்ல ஒரு டீமயே தூக்கி நிறுத்துனதுன்னா ரீஸோட 2022-23. ரேங்க் போட்டவங்க நாலு பேரயும் முதல் நாலுக்குள்ள வெச்சுட்டாங்க, அதுவே பெரிய கணிப்பு, உள்ள வரிசை மாறுனதுக்கு அவங்களத் திட்ட வேண்டியது இல்ல.

நீங்க புதுசா ஆரம்பிக்கணும்னா பழைய பேட்ச் எதுவும் வேண்டாம், பசங்கள்ல 2025 பேட்ச எடுங்க. ஏஜே டிபான்ட்சா பிஒய்யூ (பிரிகம் யங் யூனிவர்சிட்டி) போனாரு, டேரின் பீட்டர்சன் கேன்சஸ், கேமரன் பூசர் டியூக். பூசர் மயாமி கொலம்பஸ் ஸ்கூல்ல நாலு வருஷமும் மாநில சாம்பியன், மத்த ரெண்டு பேரும் ஊர் ஊரா போய் ஆடுற ப்ரெப் ஸ்கூல் டீம்லேந்து வந்தவங்க, அப்ப எதிராளி, கூட ஆடுனவங்க எல்லாமே வேற. மூணு பேருக்கும் மூணு பக்கம் ஒதுக்குங்க, ஹைஸ்கூல் முடிஞ்ச அன்னிக்கு இருந்த ரேங்க்க தேதியோட எழுதுங்க, ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வெச்சுக்குங்க, ஏன்னா ரேங்க் அடிக்கடி மாறும், ஒரு பையன் வேற பேட்ச்சுக்கு மாறுனாலே வரிசை மொத்தமும் நகந்துடும், அப்புறம் முதல்ல என்ன இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது கல்லுல நார் உரிக்கிற வேலை.